மேப்பை மடிக்கத் தெரியாதவர்

விரித்த மேப்பை மறுபடி மடிக்க அவருக்கு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் பரப்பி, பழைய மடிப்புத் தடத்தைப் பிடித்துத்தான் மடித்தார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஏதோ ஒரு மூலை பிதுங்கிக்கொண்டு நின்றது. உள்ளே போக வேண்டிய மடிப்பு வெளியே வந்து பல்லைக் காட்டியது. கிரேனின் லீவரைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகள் அவை. டன் கணக்கில் இரும்பைக் கூடையில் முட்டை வைப்பதுபோல இறக்கிய கைகள். ஒரு தாள் அவற்றுக்கு அடங்க மாட்டேன் என்றது.

படுக்கையறை வாசலில் வாக்கரின் ரப்பர் கால்கள் தரையைத் தொடும் சத்தம் கேட்டது. தொட்டு, நின்று, மறுபடி தொட்டது. அவர் நிமிராமல் மடித்துக்கொண்டே இருந்தார்.

"எதுக்கு அத எடுத்தீங்க?" என்றாள் மனைவி.

"தலகாணி உறை தேடுனேன். பெட்ஷீட்டுக்கு அடியில இருந்துச்சு."

"தலகாணி உறை மேல் தட்டுலல்ல இருக்கு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அங்கதான் இருக்கு."

அதற்குமேல் அவரிடம் பொய் இல்லை. வாசலில் அவருடைய ஷூக்கள் தயாராக இருந்தன. பையில் ஒரு பிளாஸ்க் டீ, பிரெட், அவித்த முட்டை. சுவரோரம் போன் சார்ஜில் கிடந்தது. அவள் விழுந்ததற்குப் பிறகு ஊருக்கு வெளியே நடக்கப் போவதை அவர் விட்டிருந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை போயே ஆக வேண்டும் என்று சொன்னதே அவள்தான். "சுகர் ஏறிக் கெடக்கு. வீட்டுக்குள்ளயே என்னைச் சுத்திச் சுத்தி வந்தா எறங்கிடுமா? நான் என்ன கோயில் தூணா?" என்று நேற்றுக் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தச் சிரிப்பு அவரைப் பார்த்துச் சிரித்ததல்ல, ஜன்னலைப் பார்த்துச் சிரித்தது.

தெருவில் எல்லோருக்கும் அவர் கிரேன்காரர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. காலையில் ஏணி ஏறினால் மாலையில்தான் இறங்குவார். நடுவில் ஒன்றுக்கு வந்தால் பாட்டில்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் வெயிலும் அவரும் மட்டும். கீழே நிற்கிறவர்களின் முகம் தெரியாது, உச்சந்தலை தெரியும். யாருக்கு வழுக்கை விழுகிறது என்று அவர்களுடைய பெண்டாட்டிக்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும். அத்தனை தலைகளுக்கு நடுவில் அவர் பார்க்க வேண்டியது ஒரே ஒரு ஆளின் கையைத்தான். அந்த ஆள் சிக்னல்மேன். அவருக்குப் பெரும்பாலும் சிக்னல் காட்டியது மனைவியின் தம்பி. எப்போதும் வாயில் விசிலோடு திரிந்ததால் அவன் பெயரே விசில் ஆகிவிட்டது.

கிரேன் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு சிக்னலுக்குத்தான் கட்டுப்பட வேண்டும். இஞ்சினியர் தொண்டை கிழியக் கத்தலாம், சூப்பர்வைசர் தொப்பியைத் தூக்கி எறிந்து குதிக்கலாம், விசிலின் கை அசையாமல் கொக்கி அசையாது. வேறொரு வேலையிடத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை காட்டி, ஆபரேட்டர் தடுமாறி, கான்கிரீட் பலகைக்கு அடியில் ஒருவன் முழங்கால் கூழாகப் போனதை அவர் கண்ணால் பார்த்தவர். அன்றிலிருந்து அந்த விதி அவர் ரத்தத்தில் ஏறிவிட்டது. மாலையில் ஏணியை விட்டு இறங்கும்போது அதை மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தார். எந்த வீட்டில் குடியிருப்பது, மகள் என்ன படிப்பது, மனைவி எப்போது வேலையை விடுவது, எல்லாம் ஒரே கையிலிருந்துதான் வந்தது. "ரெண்டு பேர் கை காட்டினா குடும்பம் குடை சாஞ்சிடும்" என்பார்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஈரத்தோடு இருக்கும் படுக்கைவிரிப்பு பிணம் கனம் கனக்கும். அதைத் தூக்கி, பிழிந்து, காய வைத்து, இஸ்திரி போட்டு, எதிரே ஒரு பெண் நிற்க இருவருமாக மூலைக்கு மூலை சேர்த்து மடிக்க வேண்டும். பேசிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டே மடிப்பார்கள். அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு வெள்ளையாக, ஒரு அரிசியை ஒட்டவைத்ததுபோல இருக்கும்.

மேப் வீட்டுக்கு வந்தது அலமாரித் தட்டில் விரிப்பதற்காக. தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை முடிந்து தகரக் கொட்டகையைப் பிரித்தபோது சர்வே ஆட்கள் தூக்கிப் போட்டதில் அதுவும் ஒன்று. நல்ல கெட்டித் தாள். ஊரும், ஊரைச் சுற்றிய மேடு பள்ளமும், வயலும் வாய்க்காலும் எல்லாம் இருந்தன. அவள் அதைக் கட்டிலில் விரித்துக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள். முதலில் தங்கள் தெருவைக் கண்டுபிடித்தாள். அப்புறம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இந்தப் புள்ளிப் புள்ளிக் கோடு என்னங்க?"

"காலால நடந்து போற வழி. வண்டி போகாது."

"இவ்ளோ வழி இருக்கா?" என்று அவள் கேட்டாள். அந்தக் குரலை அவர் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகு சர்க்கரை வந்து, நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு போட்டபோது, தெருவையே செக்குமாடு மாதிரி சுற்ற அவருக்குப் பிடிக்கவில்லை. பஸ் பிடித்துக் கடைசி நிறுத்தத்துக்குப் போய் அங்கிருந்து நடக்கலாம் என்றது அவள்தான். மேப் அவள் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனார்கள். ஆட்டுப்பட்டி ஓரமாக, வாய்க்கால் கரையோடு, அறுத்த வயலின் கட்டை குத்தக் குத்த நடந்தார்கள். வழி பிரிகிற இடத்தில் அவள் நிற்பாள். இருவரும் தலையை ஒட்டிக்கொண்டு மேப்பைப் பார்ப்பார்கள். "எங்க நிக்கிறோம்?" என்று அவர் கேட்பார். தழும்பு விரல் வந்து ஓரிடத்தில் உட்காரும். "இங்க."

தப்பும் நடந்தது. பழைய மேப். வழி இருக்க வேண்டிய இடத்தில் கம்பிவேலி இருக்கும். ஒருமுறை நல்ல மழையில் சுற்றோ சுற்றென்று சுற்றினார்கள். அவர் எரிந்து விழுந்தார்: "இத வரைஞ்சவன் என்னைக்கோ செத்திருப்பான். செத்தவன் பேச்சக் கேட்டு நடந்தா இப்படித்தான்." "அவன் செத்தா என்ன? கொளம் எங்க போயிடும்? இந்த மேட்டத் தாண்டினா கொளம்" என்றாள். மேட்டைத் தாண்டினார்கள். குளம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய தகரக் கிடங்கு ஒன்று நின்றது, வாசலில் லாரிகள். "கொளமும் செத்துடுச்சுங்க" என்றாள். நனைந்த துணியோடு இருவரும் லாரிக்காரர்கள் பார்க்கப் பார்க்கச் சிரித்தார்கள். அவள் சிரிப்புத் தாங்காமல் அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள்.

அந்தச் சிரிப்புக்கு எதைக் கொடுத்தாலும் தகும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு ஷூ நனைந்ததுதான் பெரிதாக இருந்தது.

போனை வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பினாள். திரையில் முகத்தைக் காட்டியபடியே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். "அப்பா, இந்த நீலப் புள்ளிதான் நீங்க. நீங்க நகந்தா அதுவும் நகரும். எனக்கும் இங்க தெரியும். இனிமே நீங்க ரெண்டு பேரும் காணாமப் போகவே முடியாது." அவருக்கு அந்த நீலப் புள்ளியை ரொம்பப் பிடித்தது. கேட்காமலே எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடுகிறது. தவறவிட்டால் திட்டாமல் வேறு வழி போடுகிறது. எவ்வளவு தூரம் நடந்தோம், எவ்வளவு கொழுப்பு கரைந்தது எல்லாம் கணக்கு.

போனோடு போன முதல் ஞாயிறே தகராறு வந்தது. வாய்க்கால் பிரிகிற இடத்தில் போனில் இருந்த பெண் வலப்பக்கம் திரும்பச் சொன்னாள். அவர் மனைவி மேப்பைப் பார்த்து இடப்பக்கம் என்றாள். இரண்டு வழியும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். இடது கொஞ்சம் சுற்று, ஆனால் மரநிழல். அவர் நடுவில் நின்றார். கூண்டுக்குள் உட்கார்ந்த நாட்களின் பதற்றம் வந்துவிட்டது.

"இந்தா பாரு. ரெண்டு சிக்னல் ஆகாது. அதா இதா, ஒண்ணுதான்."

"எது?" என்று அவள் கேட்டாள்.

அவர் போனை உயர்த்திக் காட்டினார்.

அவள் மேப்பை மடித்தாள். வழக்கத்தைவிட மெதுவாக மடித்தாளா? அதைப் பிறகு எத்தனையோ தடவை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. அவர் அப்போதே நடக்க ஆரம்பித்திருந்தார்.

அதன்பின் அவர் முன்னால், அவள் பின்னால். பேச்சு குறைந்தது. போன்காரிதான் பேசினாள். "அதோ பாருங்க" என்று பின்னாலிருந்து சத்தம் வரும். அவர் திரையிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் பறவையோ எதுவோ போயிருக்கும். சில ஞாயிறுகளில் முட்டி வலிக்கிறது, வரவில்லை என்றாள். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டார். மேப் அவளுடைய பையில் எப்போதும் இருந்தது. அவள் அதை வெளியே எடுக்கவில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

அன்றைக்கு ஆட்டுப்பட்டியைத் தாண்டி, கைவிட்ட கல்குவாரியின் மேல்விளிம்புக்கு வந்தார்கள். போன் நேராகக் கீழே இறங்கச் சொன்னது. திரையில் அது மற்ற வழிகளைப் போலவே தட்டையான ஒரு கோடு. அவள் பின்னால் மேப்பைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"நில்லுங்க. இங்க மேடு காட்டுற கோடெல்லாம் நெருங்கி நிக்குது. எறக்கம் செங்குத்தா இருக்கும். சுத்திப் போலாம்."

"இதுல வழி காட்டுதே."

"வழி இருக்கும். கால் நிக்குமா?"

"அட, ஆடே எறங்குது. வா."

அவர் பாதி இறங்கித் திரும்பிப் பார்த்தார். அவள் விளிம்பில் நின்றாள். பையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, முன்னும் பின்னும் வீசினாள். தம்பியிடம் பார்த்துக் கற்றதுதான். மகள் குழந்தையாக இருந்தபோது விசில் வீட்டுக்கு வந்தால் கூடத்தில் இதே விளையாட்டு. நாற்காலிமேல் மகள், கீழே மாமன், கூட அம்மா.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "நல்லாத்தான் இருக்கு. தம்பி வேலைய உனக்கே குடுத்துடலாம். இறங்கு, இறங்கு" என்றார்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கையை இறக்கினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினாள்.

அவள் கத்தவில்லை. கல் சரிகிற சத்தம்தான் வந்தது.

ஆம்புலன்ஸுக்கு இடம் சொன்னதும் அதே போன்தான். அது இல்லாவிட்டால் அந்தக் குழிக்குள் யார் வந்து தேடியிருப்பார்கள்? மகள் அழுதுகொண்டே இதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "பாத்தியாம்மா, போன் இருந்ததாலதான்." இடுப்பெலும்பில் கம்பி வைத்துப் படுத்திருந்தவள், "ஆமா, நல்ல வேளை" என்றாள். தலைமாட்டில் நர்ஸ் விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தாள். மடிப்பு கோணலாக இருந்தது. அவள் படுத்தபடியே கையை நீட்டி அதைச் சரிசெய்தாள்.

விசில் வந்தான். வந்ததும் வராததுமாக, "ஏங்க்கா, மாமா ஓட்டுன கிரேனுக்கு அடியில எத்தன பேரு நின்னுருக்கோம், ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல. நீ ஒருத்தி வந்து மாட்டிக்கிட்டியே" என்று சிரிக்க வைத்தான். பிறகு அவனும் அவரும் வராந்தாவில் டீ மெஷின் பக்கத்தில் நின்றார்கள்.

"ரெண்டு சிக்னல்டா மச்சான். நான் ஒண்ணத்தான் பாத்தேன். அது நம்ம தொழில்ல தப்பா?"

"அக்கா என்ன காட்டுச்சு?"

அவர் டீக் கோப்பையை மெஷின்மேல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். விசில் அதைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து கிண்டல் மெல்ல வடிந்தது.

"அது ஸ்டாப்பு, மாமா."

அவர் கைகளை இறக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளிவந்தவர் ஒதுங்கிப் போனார்.

"மத்ததெல்லாம் ஒருத்தன்தான் காட்டணும். ஸ்டாப்ப யார் வேணாலும் காட்டலாம். தண்ணி தூக்கற பொம்பள காட்டினாலும் நிறுத்தணும். இத நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் சிமெண்டுக்குத் தண்ணீர் தூக்குகிற ஒருத்தி, முகமே தெரியாதவள், குடத்தைப் போட்டுவிட்டுக் கையை விரித்தாள். அவர் அந்த நொடியே கொக்கியை நிறுத்தினார். சங்கிலியில் ஒரு வளையம் வாய் பிளந்துகொண்டிருந்தது. இறங்கி வந்து அவள் பெயரைக் கேட்டு, எல்லோர் முன்னாலும் நன்றி சொன்னார். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. யாரிடம் சொன்னார் என்பதும் நினைவிருக்கிறது.

இப்போது மேசையருகில் வாக்கர் வந்து நின்றது. அவள் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் வாயேன்" என்றார். "பஸ் ஸ்டாப் வரைக்கும். டாக்டரே கொஞ்சம் கொஞ்சமா வெளிய நடக்கலாம்னு சொல்லிட்டாரில்ல. நான் பிடிச்சுக்கறேன்."

"வேண்டாம்."

"கால நெனச்சு பயப்படாத. கம்பி வெச்சுருக்காங்க, ஒண்ணும் ஆகாது."

"காலுக்கெல்லாம் பயமில்ல." அவள் கசங்கிய மேப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "உங்க முதுகப் பாத்துக்கிட்டு நடக்க இனிமே முடியாது என்னால. அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். இனிமேல் நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்று சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது. மன்னிப்பு என்ற வார்த்தை அவர்கள் வீட்டுப் புழக்கத்தில் இருந்ததில்லை. இருந்திருந்தாலும், வாக்கரைப் பிடித்து நிற்கிறவளிடம் முன்னால் போ என்று எந்த வாயால் சொல்வது?

அவள் மேப்பை ஒருமுறை உதறினாள். இடுப்பை மேசையில் சாய்த்து, இரண்டு கைகளையும் விடுவித்துக்கொண்டு, மூலையைப் பிடித்தாள். பார்த்துக்கொண்டிருந்தபோதே அது நாலாகி, எட்டாகி, உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. எந்த மூலையும் பிதுங்கவில்லை. அதை மேசையில் வைத்தாள். சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்கி அதன் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டு சிக்னல் ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க. ஒண்ண எடுத்துட்டுப் போங்க."

அவர் மேப்பை எடுத்தார். அவள் முகத்தில் ஏதாவது மாறுமா என்று பார்த்தார். வாக்கர் அதற்குள் படுக்கையறைப் பக்கம் திரும்பிவிட்டது.

கடைசி நிறுத்தத்தில் அவரோடு இறங்கியவர்கள் வேறு யாருமில்லை. நடக்க நடக்க, சட்டைப்பையை அடிக்கடி தொட்டுப் பார்த்தார். போன் அங்கே இல்லை. மகள் அங்கிருந்து பார்த்தால் அப்பா வீட்டில் இருப்பதாகத்தான் காட்டும். நீலப் புள்ளி சாப்பாட்டு மேசையில், மனைவிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும். அந்தப் புள்ளியாவது ஒழுங்காக உட்கார்ந்திருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வாய்க்கால் பிரிகிற இடத்தில் மேப்பைக் கொஞ்சமாகப் பிரித்துப் பார்த்தார். வயல், வரப்பு, வாய்க்கால், புள்ளிக்கோடு எல்லாம் இருந்தன. அவர் அதில் இல்லை. அப்படியும் இப்படியும் திருப்பினார். தலைகீழாகப் பிடித்தார். இத்தனை வருஷம் இந்த உலகத்தை மேலிருந்தே பார்த்தவர். மேலிருந்து பார்த்து வரைந்த ஒரு படத்தில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. அவர் மேலிருந்து பார்த்தது ஒரு ஆளின் கையை மட்டும்தான். "எங்க நிக்கிறோம்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது. விரல் வரவில்லை.

இடப்பக்கம் போனார். மரநிழல் இருந்தது. அவள் சொன்னது சரி, நல்ல நிழல்.

ஆட்டுப்பட்டி வந்தபிறகு கால்களுக்கே வழி தெரிந்துவிட்டது. குவாரியின் விளிம்புக்கு வந்து நின்றார். அவள் நின்ற இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கீழே கற்கள் சரிந்த தடம் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. நடுவில் ஆம்புலன்ஸ்காரர்கள் கிழித்துப் போட்ட ஏதோ ஒரு உறை கல்லுக்கடியில் மாட்டிக்கொண்டு படபடத்தது. இங்கிருந்து பார்த்தால் இறக்கம் செங்குத்து என்று யாருக்கும் தெரியும். அவர் அன்றைக்கு இங்கே நின்று கீழே பார்க்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

அவள் பார்த்ததை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மேப்பை முழுதாகப் பிரித்தார். அதற்காகவே காத்திருந்ததுபோலக் குழிக்குள்ளிருந்து காற்று ஏறி வந்தது. தாள் விம்மிப் புடைத்து அவர் நெஞ்சில் அறைந்தது. ஒரு பக்கத்தைப் பிடித்தால் மறுபக்கம் பறந்தது. இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்து, கைகளை முழுநீளத்துக்கு இரு பக்கமும் நீட்டிய பிறகுதான் அது அடங்கியது. நெஞ்சுக்கு நேரே அந்த இடம் தெரிந்தது. மெல்லிய கோடுகள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, நடுவில் ஒரு ஊசி நுழையவும் இடம் விடாமல். அவற்றின் ஓரத்தில், தாள் கொஞ்சம் தேய்ந்து பளபளத்தது. யாரோ ஒரு விரலை அங்கே அழுத்தி வைத்திருந்ததுபோல.

தோள்கள் வலிக்க ஆரம்பித்தன. மடிக்கத் தெரியாது, கையை இறக்கினால் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். கீழே யாருமில்லாத அந்தச் சரிவைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் விரித்து, அவர் நின்றுகொண்டிருந்தார். இறக்கவில்லை.